அவள் திருத்தாத கார்டு

அவளிடம் மணி கேட்பது லேசான காரியம் இல்லை. கேட்டால் உடனே பதில் வராது. முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்து இழுத்து அதையும் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுந்து போய், ஹெச்.எம். அறைச் சுவர்க் கடிகாரத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அதற்குள் பெல் அடித்துவிடும். “பாத்தியா, பெல்லும் மூணு நிமிஷம் முந்தி” என்பாள். கேட்டவளுக்கு எதற்காகக் கேட்டோம் என்பதே மறந்து போயிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நானும் அவளும் ஒரே பெஞ்ச். பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் ஊர். நான் பள்ளிவாசல் தெரு. அத்தா குவைத்தில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவளுடைய அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து நடந்து போவோம், சேர்ந்து திரும்புவோம். நடுவில் ஒருநாள் அவள் வராவிட்டால் எனக்கு அன்றைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் நாட்களில் ஊரே ஆளுக்கொரு சேதி சொல்லும். நேற்றைவிட ஒரு சாண் ஏறிவிட்டது என்பார் ஒருவர். எங்கே ஏறியது, இறங்கித்தான் இருக்கிறது என்பார் இன்னொருவர். அவள் கரையோரமாக ஒரு மூங்கில் குச்சியை நட்டு, கத்தியால் கோடு கீறி வைத்திருந்தாள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை குனிந்து பார்ப்பாள். அவள் அப்பா அதைக் கேலி செய்வார். “இவ கண்ணு முன்னாடி தண்ணிகூடப் பொய் சொல்ல முடியாதும்மா” என்று என்னிடம் சொல்வார். ஆனால் நாற்று நடும் வாரத்தில் அவரே அவளைக் கூப்பிட்டு, “கோடு எதுல நிக்குது?” என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குணத்தால் அவளுக்கு லாபம் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. காலாண்டுத் தேர்வில் தமிழ் பேப்பர் கொடுத்தார்கள். எல்லாரும் குறைந்த மார்க்கைக் கூட்டச் சொல்லி வரிசையில் நின்றோம். அவளும் வந்து நின்றாள். “மிஸ், எனக்கு நாலு மார்க் கூட இருக்கு” என்றாள். தமிழ் மிஸ் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாலு மார்க்கைக் குறைத்துக்கொண்டு திருப்தியாக வந்து உட்கார்ந்தவள், அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பேப்பரையும் வாங்கிக் கூட்டினாள். எனக்கும் இரண்டு குறைந்தது. மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். நாலாம் நாள் நானாகப் போய்ப் பேசினேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

சிலேட்டுக் குச்சி மாதிரி இருப்பாள். நீளக் கழுத்து, எண்ணெய் வழிய வாரிய ரெட்டைப் பின்னல். ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்கிறதோ இல்லையோ, அவள் அம்மாவின் தையல் டேப் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எதற்குடி என்று கேட்டால், “இருக்கட்டுமே” என்பாள்.

அது உதவிய நாள் ஒன்று வந்தது. அதற்கு முந்தின கார்த்திகை மழையில் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து, வகுப்பறைகளில் முழங்கால் அளவுக்கு நின்றது. அதனால் கோடை விடுமுறையில் தரையை உயர்த்தி, கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் பதித்திருந்தார்கள். பிளஸ் டூ ஆரம்பத்தில் பி.டி. மிஸ் எங்கள் வகுப்பைக் கூட்டிப்போய் உயரமும் எடையும் எடுத்தார். உயரத்துக்குச் சுவரில் நீல பெயின்டில் வரைந்த அளவுகோல். எடைக்கு முள் ஆடும் மெஷின். இரண்டையும் வைத்து பி.எம்.ஐ. கணக்குப் போட்டு, சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்து, ஒவ்வொருத்தியின் ஹெல்த் கார்டிலும் சீல் குத்த வேண்டும். பதினெட்டரைக்குக் கீழே போனால் “எடை குறைவு” என்று சிவப்பு சீல். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ரெஜிஸ்டர் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்.

கடைசி ஆளும் வந்து நின்றபோது அவள் பேனாவை மூடினாள்.

“மிஸ், எல்லாரும் வளந்திருக்காங்க.”

“வளர்ற வயசுதானே. எழுது.”

“ஒருத்திகூட ஏழு சென்டிமீட்டருக்குக் கொறஞ்சு வளரல மிஸ். போன வருஷ ரெஜிஸ்டர் இங்க இருக்கு. இந்த வயசுல இப்பிடியா வளருவாங்க?”

மிஸ் பதில் சொல்வதற்குள் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு சுவரோரம் மண்டியிட்டுவிட்டாள். சுவரில் நூறு என்று எழுதியிருந்த கோடு, அவள் டேப்பில் தொண்ணூற்று மூன்றில் நின்றது. “இன்னொரு தடவ பாத்துக்குறேன் மிஸ்” என்று மூன்று தடவை அளந்தாள். தரை ஏழு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சுவரில் இருந்த கோடு பழைய தரைக்கு வரைந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு ஒரே பீரியடில் நாற்பத்திரண்டு பேர் குட்டையானோம். நூற்று அறுபதைத் தாண்டிவிட்டேன் என்று காலையிலிருந்து மிதந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் அவளை முறைத்தார்கள். எனக்கு வந்த கோபம் வேறு மாதிரி. பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்கிற கணக்கு. உயரம் குறைந்தால் எண் ஏறும். காலையில் இருபத்தொன்றாக இருந்த நான் மத்தியானம் இருபத்து மூன்றாகிவிட்டேன். வீட்டிலும் தெருவிலும் என்னைக் குண்டு என்று கூப்பிட ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

“உன் டேப்பால எனக்கு ரெண்டு புள்ளி ஏறிடுச்சுடி” என்றேன்.

“ஏறல. முன்னாடியே அங்கதான் இருந்துச்சு” என்றாள்.

இதை ஒருத்தியிடம் சொல்லலாமா, சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த இரண்டு நாள் நான் டிபன் பாக்ஸைத் திறக்காமல் இருந்ததைக் கவனித்தாள். மூன்றாம் நாள் அவளே திறந்தாள். அம்மா வைத்திருந்த இடியாப்பத்தைப் பிய்த்து, தேங்காய்ப்பாலில் தோய்த்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“கணக்கு சரியா இருக்கணும்னுதான் சொன்னேன். அதப் பாத்துப் பயப்படணும்னா சொன்னேன்? ஒசரத்துக்கு எடை எவ்வளவுன்னு சொல்லுது, அவ்ளோதான். நீ யாருன்னா சொல்லுது? சாப்புடு.”

சாப்பிட்டேன். அவள் கையால் சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

செப்டம்பரில் ஊர் ஊராகச் சுற்றி வரும் மருத்துவக் குழு எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதிலிருந்த நர்ஸம்மா சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துவிட்டு, “இது பெரியவங்களுக்கு உள்ளதாச்சே, இத வெச்சா புள்ளைங்களுக்கு சீல் குத்துனீங்க?” என்று கேட்டார். பி.டி. மிஸ் முகம் சுருங்கிப்போனது. அவளுடைய முகம் மட்டும் மலர்ந்தது. நர்ஸம்மாவை விடவில்லை. பக்கத்திலேயே நின்று கேள்வி மேல் கேள்வி. வளர்கிற பெண்ணுக்கு உயரமும் எடையும் போதாது, வயதும் வேண்டும், அதுவும் மாதக் கணக்கோடு வேண்டும் என்று அவர் விளக்கினார். பதிமூன்று வயதில் பதினாறு என்று வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, முப்பது வயதில் அதே பதினாறு வந்தால் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிக் கோடு. அந்தக் கோடுகளுக்கு நடுவில் எங்கே நிற்கிறாள், போன வருஷம் எங்கே நின்றாள் என்று பார்க்க வேண்டும். அப்போதும் அது ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை. எலும்பு கனத்த பிள்ளை உண்டு, விளையாடி உடம்பு இறுகிய பிள்ளை உண்டு. சந்தேகம் வந்தால் ஆளைப் பார்த்துப் பேசி, ரத்தம் பார்க்க வேண்டும். இதெல்லாம் சொல்லி, வயதுவாரிக் கோடுகள் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போனார்.

அவள் அதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்தாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்றில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து என்னிடம் கொடுத்தாள். “இது நீ. கோட்டுக்கு உள்ளதான் இருக்க. இனிமே டிபன் பாக்ஸ மூடி வெச்ச, ஒதபடுவ.” அந்தத் தாளை மடித்து என் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டேன். யாராவது குண்டு என்று சொன்னால் அதைத் தொட்டுக்கொள்வேன்.

கார்டுகளைத் திருத்தும் வேலையையும் மிஸ் அவளிடமே கொடுத்தார். சிவப்பு சீலின் மேல் கோடு அடித்து, “வயதுக்குச் சரி” என்று எழுதி மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நாள் லேப் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியின் வயதையும் மாதக் கணக்கோடு போட்டு, திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்த்து எழுதினாள். உண்மையாகவே எடை குறைந்திருந்த மூன்று பெண்களை நர்ஸம்மா தனியாகக் கூப்பிட்டு ரத்தம் பார்க்க அனுப்பியிருந்தார். அவர்களைத் தவிர, சிவப்பு சீல் விழுந்த எல்லார் கார்டும் திருத்தப்பட்டுவிட்டது. அவளுடையது மட்டும் சிவப்பு சீலோடு அப்படியே இருந்தது. நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர், நாற்பத்து நாலு கிலோ. பதினேழு புள்ளி எட்டு. அவள் வயதுக்கு அதுவும் சரியான எண்தான்.

“உன்னுது?” என்று கேட்டேன்.

“அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள்.

ஊர் பூராவுக்கும் சரி பார்த்தவள் தன்னுடையதை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளாவது மறக்கிறதாவது. அப்போது எனக்குப் பதினேழு வயது. முட்டாளாக இருக்க அந்த வயதே போதும்.

அவள் வீட்டில் அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். நீடாமங்கலம் பக்கம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை, சிங்கப்பூரில் வேலை. ஆடிப்பெருக்கன்று மாப்பிள்ளையின் அம்மா பூவோடும் புடவையோடும் வந்திருந்தார். பெண் பிடித்துவிட்டது. ஆனால் அப்பாவின் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்திருந்த ஹெல்த் கார்டு டி.வி. மேலேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னாராம்: “எடை கொறைவுன்னு சீலே குத்திருக்காங்களே. நாளைக்கு ஒரு புள்ளைய சொமக்க வேணாமா? பொண்ணு தேறட்டும். அப்பறம் தேதி வெச்சுக்குவோம்.”

மாப்பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. வருகிற ஆனியில் வந்து ஆவணிக் கடைசியில் திரும்பிவிடுவார். அதற்குள் நடக்காவிட்டால் பேச்சு இரண்டு வருஷம் தள்ளிப்போகும். அவளுக்கோ கும்பகோணத்தில் காலேஜில் சேர்ந்து புள்ளியியல் படிக்க வேண்டும். அதைத் தவிர வேறு ஆசை எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. “சேந்துட்டாப் போதும்டி. சேந்த புள்ளைய பாதியில நிறுத்த எங்கப்பாவுக்கு மனசு வராது” என்று வாய்க்கால் கரையில் குச்சியைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். லீவும் தெரியும், காலேஜும் தெரியும், திருத்தாத கார்டும் எனக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. சேர்த்துப் பார்ப்பது எப்போதும் அவள் வேலையாக இருந்தது.

அவள் அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பயந்த சுபாவம். அந்த சீலைப் பார்த்த நாளிலிருந்து அவளைத் தேற்றுவதே பெரியம்மாவுக்கு வேலையாகிப்போனது. உளுந்தங்களி, முட்டை, டானிக், நெய் ஊற்றிய பருப்புச் சோறு. என் அத்தா குவைத்திலிருந்து அனுப்பும் பேரீச்சம்பழத்தில் பாதி அவர்கள் வீட்டுக்குப் போனது. எதையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்ததை எல்லாம் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். உடம்பு மட்டும் ஏறவில்லை. அவள் வாகு அப்படி. அவள் அப்பாவும் அப்படித்தான் இருந்தார், பெரிய உழைப்பாளி. ஆனால் பெரியம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு தின்றும் ஒட்டவில்லை என்றால் உள்ளே என்னவோ வியாதி இருக்கிறது. வெளியே தெரிந்தால் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். டாக்டரிடம் காட்டவும் பயம், காட்டாமல் இருக்கவும் பயம்.

பரீட்சை முடிந்த மே மாதம், என் அம்மாதான் நாகூருக்குப் போய் வரலாம் என்று சொன்னார். பெரியம்மா உடனே கிளம்பிவிட்டார். அவர்கள் இருவர், நாங்கள் இருவர். தர்காவில் பெரியம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் புறாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது நாகப்பட்டினத்தில் கும்பகோணம் பஸ் பிடித்தோம். அவளும் என் அம்மாவும் முன் சீட்டில். நானும் பெரியம்மாவும் பின்னால்.

பஸ் திருவாரூரைத் தாண்டியபோது பெரியம்மா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

“எம் புள்ளைக்கு என்ன நோவுன்னே தெரியலயேம்மா. கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. உங்கிட்டயாச்சும் ஏதாவது சொன்னாளா?”

பெரியம்மாவின் பயத்தைத் தீர்க்க வேண்டும் என்று தோன்றியது. அது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக அவள் எல்லாருடைய தப்பையும் கண்டுபிடித்துச் சரியான எண்ணைச் சொல்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை நானும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசை. கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து தாளை எடுத்தேன்.

“பெரியம்மா, அவளுக்கு ஒண்ணுமில்ல. அந்த சீலு தப்பு. அது பெரியவங்களுக்கு உள்ள கணக்கு. இங்க பாருங்க, நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. அவ வயசுக்கு இங்க வரணும். வந்திருக்கு. சரியான எடைதான். மத்தவங்க கார்டையெல்லாம் திருத்தியாச்சு. அவ மட்டும் மறந்துட்டா.”

பெரியம்மா தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரிந்ததோ இல்லையோ, கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு முன்னால் குனிந்து அவள் தோளைத் தட்டினார்.

“ஏண்டி, இவ சொல்றது நெசமா? உனக்கு எடை சரியாத்தான் இருக்கா?”

அவள் திரும்பினாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். பென்சிலில் அவள் வைத்த என் புள்ளி அதில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். எட்டு மாதமாகப் பேசாமல் இருந்து காப்பாற்றியதை இப்போது ஒரே ஒரு பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கலாம். இல்லம்மா, அது வேற கணக்கு என்று சொன்னால் போதும், பெரியம்மா நம்பியிருப்பார். நானும் வாயை மூடியிருப்பேன். அவள் உதடு அசைந்தது. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“சரியாத்தான்மா இருக்கு” என்றாள்.

பேசாமல் இருக்க அவளுக்கு முடிந்தது. தப்பான எண்ணைத் தன் வாயால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான், அந்த நிமிஷம்தான், எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்துவிட்டார். பஸ் இரைச்சலில் சத்தமாகவே பேசினார். “ஆமாங்க, நர்ஸே எழுதிக் குடுத்துருக்காங்க. ஒண்ணும் கொறையில்லயாம். அப்ப இந்தத் தடவையே முடிச்சிடலாங்க.” மீதி வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அறுவடை முடிந்த வயலில் ஆடு கிடை போட்டிருந்தார்கள். என் அம்மா அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆடியில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. ஆவணியில் கல்யாணம். காலேஜிலிருந்து வந்த கடிதத்தை அவள் அப்பா பீரோவுக்குள் வைத்துவிட்டதாகப் பெரியம்மா சொன்னார். மேடையில் ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றேன். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று மனசில் எழுதி வைத்துப் போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டு, “சாப்ட்டியா?” என்று கேட்டாள். “சாப்ட்டேன்” என்றேன். சாப்பிடவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது போய்ப் பார்த்தேன். மன்னிச்சுக்கடி என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவள் கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டே, “நீ சரியாத்தானே சொன்ன?” என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதற்குப் பிறகு அவளோடு பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் மன்னார்குடியில் குடும்பம் வைத்தாள், நம்பர் மாறியது, நான் தஞ்சாவூரில் நர்ஸிங் சேர்ந்தேன். அவள் கணவர் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் திட்டுவதற்கும் எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

பெருநாளைக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு இன்றைக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு நீ சொன்னதாலதாம்மா எல்லாம் நல்லபடியா நடந்துச்சு” என்பார். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் எப்போது வருவாள் என்று கேட்க வாய்வரைக்கும் வரும். கேட்டதில்லை.

இப்போது நானும் பள்ளிகளுக்குப் போகிற மருத்துவக் குழுவில்தான் இருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் அளவுகோலைப் பார்த்தாலும் முதலில் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளக்கிறேன். மெஷினில் ஏறும் பிள்ளையின் எண்ணை மற்றவர்கள் முன்னால் படிப்பதில்லை. மாதக் கணக்கோடு வயது போடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். ஒரு பிள்ளையை மூன்று தடவை அளந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாமா என்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுத அவள் இருந்தால் எப்படி இருக்கும் என்று வேலைக்கு நடுவில் நினைத்துக்கொள்வேன். அவள் இருந்தால் நாலாவது தடவையும் அளக்கச் சொல்வாள். இத்தனை வருஷத்தில் எனக்கு வேறு சிநேகிதியே அமையவில்லை. அமையவும் விடவில்லை.

போன மாதம் ஒரு பள்ளியில் மத்தியான இடைவேளையில் சாப்பிட உட்கார்ந்தபோது தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸப் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

“பதிமூணு வயசு ஏழு மாசம். ஒசரம் 151. எடை 39. எம்பொண்ணுக்கு ஸ்கூல்ல கொறைவுன்னு எழுதிட்டாங்க. பாத்துச் சொல்லு.”

பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஏழு மாதத்தை விட்டுவிடாமல் எழுத வேறு யார் இருக்கிறார்கள்? சோற்றுக் கையோடு எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தேன். பதினேழு புள்ளி ஒன்று. வயதுவாரித் தாளை எடுத்துப் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன்.

“வயசுக்குச் சரி. நல்லா இருக்கா” என்று அனுப்பினேன்.

“எனக்கும் அதான் வந்துச்சு” என்று பதில் வந்தது.

ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். பிறகு எதற்கு என்னைக் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

“கொறைவுன்னு கார்டுல போட்டத அம்மாகிட்ட வாய் தவறி சொல்லிட்டேன். பயந்துபோய் உங்கிட்ட கேக்க வருவாங்க. இந்தத் தடவ எங்கிட்ட கேட்டுட்டு சொல்லு.”

அந்தப் பள்ளிக்கூடத்து வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, “என்னாச்சு மிஸ்?” என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு, புடவையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்.

“என்ன சொல்லட்டும்டி?”

பார்த்துவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் எழுதத் தொடங்கினாள். இடைவேளை முடிந்து, மெஷின் பக்கம் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.